கையெழுத்துக்கு அடியில

அது சரி பிள்ள, உன்னப் பேசாதன்னா சொல்லுதேன்? பேசு. மூணு நிமிசம் குடுத்திருக்காவன்னா நாலு நிமிசமாப் பேசு, யாரும் மைக்கப் புடுங்க மாட்டாவ. அந்த லெட்டர மட்டும் வீட்டுல வச்சிட்டு வா. லேமினேசன் பண்ணது மேடை லைட்டுல பளபளன்னு அடிக்கும், எதுக்க இருக்கவங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அந்தாள் பாக்கணும் இந்தாள் பாக்கணும்னு கை மாறிப் போயித் தொலைஞ்சாலும் தொலைஞ்சிரும். உங்கம்மா இருவத்தாறு வருசம் காப்பாத்தி வச்சிருந்த பொருளுல்லா.

சரி, மொதல்ல ஃபேனுக்கு நேரா இரி. வேம்பார்லருந்து பஸ்சுல நின்னுக்கிட்டே வந்தேன்னு சொல்லுத, மூஞ்சி பூரா வேர்வ. இந்தச் செந்தில்முருகன் இருக்கானே, அவனுக்கு வேற சோலி கெடையாது. எம்.பி. அண்ணாச்சி படத்திறப்புக்கு, அவியகிட்ட லெட்டர் வாங்கினவங்க பத்துப் பேர மேடையேத்துதேன்னு கட்சி ஆபீசுல ஒக்காந்து ஆள் புடிச்சிக்கிட்டு இருக்கான். நல்ல யோசனதான், இல்லங்கல. அண்ணாச்சி செத்து நாளையோட முப்பது நாளு. பெரிய பெரிய ஆளுங்க வாராங்க, சாதாரண சனமும் நாலு வார்த்த பேசட்டும்னு நெனச்சிருக்கான். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். முப்பது வருசம் அண்ணாச்சி ஆபீசுல டைப் அடிச்சவ நான். எந்த லெட்டரு எங்கன போச்சு, என்னாச்சுன்னு என்னத் தவிர யாருக்குத் தெரியும்.

ஆமா, இடது மூலையில அடியில கி-ன்னு சின்னதா இருக்குல்லா, அது நாந்தான். கிருபை. டைப் அடிச்சவங்க பேருல மொத எழுத்தப் போடணும், அது ஆபீசு வழக்கம். அத வச்சி ஆளக் கண்டுபுடிச்சி நன்றி சொல்ல வந்தியாக்கும். ஏ, காலெல்லாம் தொடாத பிள்ள, எந்திரி. நீ பிள்ளைங்களுக்கு டிரில் சொல்லிக் குடுக்குத டீச்சரு. நாங்க நாசரேத்துக்காரங்க, எங்க வீட்டுல அந்தப் பழக்கமும் கெடையாது.

குடு, பாக்கேன். ம். பதினாலு ஏழு தொண்ணூத்தெட்டு. வேம்பாரைச் சேர்ந்த சங்கு குளிக்கும் தொழிலாளி காலஞ்சென்ற ஹென்றி அவர்களின் மனைவி திருமதி பனிமயம் அவர்களுக்கு, அவரது ஆதரவற்ற நிலையினைக் கருதி, தங்கள் அலுவலகத்தில் காலியாக உள்ள உதவியாளர் பணியிடத்தினை வழங்கி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கயாச்சும் ஒரு பிழை இருக்கா பாரு. அப்பம் கம்ப்யூட்டரு ஏது, மிசினுதான். ஒரு எழுத்து தப்புனாலும் கிழிச்சிப் போட்டுட்டு மொதல்லருந்து அடிக்கணும்.

தெரியும் தாயி. அந்த வேல உங்கம்மாவுக்குக் கெடைக்கல. அந்த ஆபீசு பேரு நமக்கு வேண்டாம், அது இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. வேல கெடைக்காட்டி என்ன, டெல்லியில இருக்க எம்.பி. என் பேர எழுதிக் கையெழுத்துப் போட்டாரேன்னு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவாளா? லெட்டரு எல்லாருக்கும் ரெண்டு குடுப்போம். ஒண்ணு ஆபீசருக்கு, ஒண்ணு அவங்க கையில வச்சிக்கிட. உங்கம்மா அதக் கடைக்குக் கொண்டு போயி லேமினேசன் பண்ணி மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டா. அவ்வளவு வருசமுமா மாட்டியிருந்துச்சு?

அவ பொறவு உப்பளத்துலதான கெடந்தா. கண்ணு கெட்டுப்போச்சுன்னு செந்தில்முருகன் சொன்னான். அந்த வெள்ள உப்பு மேல வெயிலு அடிக்கும்போது பாத்துப் பாத்து, அங்கன வேல பாக்குத பாதிப் பேருக்கு அப்படித்தான் ஆவுது. கடைசி நாலு வருசம் உன் மொகமே தெரியாதா. ம். கேக்கவே ஒருமாதிரி இருக்கு பிள்ள. அம்மா எப்பம் தவறினா? போன வருசம் ஆவணியிலயா. சரி.

இங்க பாரு, மேடையில சொல்லுததுக்கு அண்ணாச்சியப் பத்தி நாலு விசயம் கேட்டுக்கிட்டுப் போவலாம்னு வந்தேன்னு சொன்னல்ல, அதச் சொல்லுதேன், நோட்ட எடு. நான் சொல்லுதத நீ பேசினாப் போதும், லெட்டரே வேண்டியிருக்காது.

பேரு சுந்தரராஜ். சாத்தான்குளம் பக்கம். அப்பா மிசன் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர். வக்கீலுக்குப் படிச்சாவ, ஆனா கோர்ட்டுக்குப் போனத விட டீக்கடையில ஒக்காந்து லாரி டிரைவருங்களுக்கு மனு எழுதிக் குடுத்ததுதான் அதிகம். அதுலதான் சனத்துக்குத் தெரிஞ்சாவ. ஒம்பது தடவ நின்னாவ, ஏழு தடவ ஜெயிச்சாவ. மொத எலெக்சனுக்கு வாடகை ஜீப்பு, அதுக்கு ஹாரன் கெடையாது. அண்ணாச்சி முன்னால எறங்கி நடந்து கையத் தட்டி வழி கேப்பாவ. அது என்னமோ சனத்துக்குப் புடிச்சிப் போச்சு.

நான் சேந்தது எம்பத்தொம்பதுல. டைப்புல தமிழ் ஹையர், இங்கிலீசு ஹையர் ரெண்டு பரீச்சையும் முடிச்சிருந்தேன். எங்கப்பா வேண்டாம்னாரு, அரசியல்வாதி ஆபீசுக்குப் பொம்பளப்பிள்ள போவலாமான்னு. போயிப் பாத்தா அங்கன காலையில ஆறு மணிக்கு எரநூறு பேரு நிக்காங்க. பென்சன் வரல, பட்டா வரல, பிள்ளைக்குச் சீட்டு வேணும், புருசன் துபாய்ல மாட்டிக்கிட்டான். ஒருத்தரயும் அண்ணாச்சி உக்கார வச்சிப் பேசாம அனுப்ப மாட்டாவ. காயல்பட்டினத்துக்காரரு ஒருத்தரு வெளிநாட்டுல செத்துப்போனாரு. பத்தொம்பது நாளா மய்யித்த அனுப்ப மாட்டேங்காங்க. அண்ணாச்சி மூணு நாளு போனுக்குப் பக்கத்துலயே இருந்து, எம்பசிக்காரன உண்டு இல்லன்னு ஆக்கி, பொறவு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அவியளே போயி நின்னு வாங்கி வந்து வீட்டுல ஒப்படைச்சாவ. இத எழுது. இது சத்தியமா நடந்தது.

அண்ணாச்சிக்கு எப்பேர்ப்பட்ட ஞாபகம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நாளைக்கும் சொல்லுவாங்க. அதுல பாதி ஞாபகம் நாந்தான். பின்னால நின்னு, எட்டயபுரம் செல்வராணி அண்ணாச்சி, மவளுக்கு வளைகாப்புன்னு காதுல போடுவேன். என்ன செல்வராணி, பேரன் வரப்போறானாமேன்னு கேப்பாவ. அந்தம்மா அழுதுருவா. எட்டயபுரத்துக்கு ரயிலு விடுதேன்னு ஆறு எலெக்சன்ல சொன்னாவ. ஒரு வயசாளி எந்திரிச்சி ரயில் எங்கன வருதுன்னு கேட்டாரு. பாதி வந்திருச்சு அண்ணாச்சின்னுட்டாவ. அந்த ஆளே சிரிச்சிட்டாரு. இத மேடையில சொல்லாத.

குத்தம் கொற இல்லாத மனுசன்னு நான் சொல்ல மாட்டேன். கோவம் வந்தா பேப்பர் வெயிட்டு பறக்கும். ஒருநாள் காலையில வந்து, கிருபை, இந்த லெட்டர் பேடு ஒண்ணும் இனிமே ஆவாது, நேத்துக் கட்சி மாறிட்டேன்னாவ. ரெண்டாயிரம் பேடு கெடக்கு. தலைப்ப வெட்டி எடுத்துட்டு ரெண்டு வருசம் அதுலதான் ரஃப் எழுதினேன். ஆனா ஒண்ணு. அவ்வளவு வருசத்துல சொந்தக்காரன் ஒருத்தனுக்கு அந்த ஆபீசுல ஒண்ணும் நடந்தது கெடையாது. கூடப்பொறந்த தம்பி மவன், டிகிரி முடிச்சிட்டு வந்து நிக்கான். நீ போயி வரிசையில நில்லு, ஊர்க்காரனுக்கெல்லாம் முடிஞ்ச பொறவு பாப்போம்னாவ. எங்களுக்கும் அதே சட்டந்தான், ஆபீசுல வேல பாக்கவங்க வீட்டாளுக்கு லெட்டரு கெடையாது. இதையும் எழுதிக்கோ.

எழுதிட்டியா. அப்பம் சரி, லெட்டர உள்ள வையி.

ஏன், ஏன்னு நீயும் விட மாட்டேங்க. டீச்சருல்லா. சரி கேளு. இது வெளிய சொல்லுத விசயமில்ல.

எரநூறு பேரு வாராங்கன்னு சொன்னேம்லா. அதுல எத்தன பேருக்கு வேல நடக்கும்? ஒரு எடத்துக்கு நாப்பது பேரு லெட்டரு கேப்பாங்க. நாப்பது பேரும் ஓட்டுப் போட்டவங்க. மொகத்துக்கு நேரா இல்லன்னு எப்படிச் சொல்லுதது. அதனால அண்ணாச்சி எல்லாருக்கும் குடுப்பாவ. லெட்டரு ஒண்ணுபோலத்தான் இருக்கும், வாசகமும் அதேதான், நாந்தான அடிக்கேன். வித்தியாசம் எங்கன இருக்கும்னா கையெழுத்துக்கு அடியில. கையெழுத்துக்குக் கீழ ஒரு கோடு இழுத்திருந்தா, இது நம்ம ஆளு, கண்டிப்பா முடிச்சிக் குடுங்கன்னு அர்த்தம். கோடு இல்லன்னா, கேட்டாங்க குடுத்தேன், பாத்துக்கோங்கன்னு அர்த்தம். தாசில்தாருலருந்து ஹெட்கிளார்க்கு வரைக்கும் ஒரு ஆபீசு விடாம இது தெரியும். கோடில்லாத லெட்டரு ஃபைலுக்குள்ள போயிரும், வெளிய வராது.

நாளைக்கு மொத வரிசையில யாரு ஒக்காந்திருப்பாங்கன்னு நெனைக்க? அந்தக் காலத்து ஆபீசருங்க அம்புட்டுப் பேரும் ரிட்டயர்டு ஆயி, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு அங்கனதான் இருப்பாங்க. நீ லெட்டரத் தூக்கிப் புடிச்சா அவங்க கண்ணு உங்கம்மா பேருக்குப் போவாது. நேரா கையெழுத்துக்கு அடியிலதான் போவும். அதத்தான் சொல்லுதேன்.

பாரு, நல்லாப் பாரு. திருப்பியெல்லாம் பாக்காத, பின்னால ஒண்ணும் இருக்காது. இல்ல. கோடு இல்ல.

அழாத பிள்ள. நான் இதச் சொல்லியிருக்கக் கூடாது. தண்ணி குடி. அம்மா போயிச் சேந்துட்டா, அவளுக்குத் தெரியாது, அதுவரைக்கும் நல்லது. அவ சந்தோசமாத்தான வச்சிருந்தா.

எங்க எந்திரிக்க? உக்காரு. என்ன சொன்ன, திருப்பிச் சொல்லு. மேடையிலயே சொல்லப் போறியா? எங்கம்மாவ இருவத்தாறு வருசம் ஏமாத்தின மனுசனுக்குப் படமா தெறக்கீங்கன்னு கேக்கப் போறியா? ரம்யா, உக்காரு நீ. பொறு. நான் லெட்டரக் கொண்டு வராதன்னுதான சொன்னேன், அண்ணாச்சியத் திட்டச் சொல்லலையே. ஊரு பூரா வந்திருக்கும். அவிய பொஞ்சாதி, மவ, பேரப்பிள்ளைங்க அத்தன பேரும் முன்னால ஒக்காந்திருப்பாங்க. டிவிக்காரன் வேற வாரான்.

ஏமாத்து வேலதான், நான் இல்லங்கல. நாப்பது பேருல முப்பத்தொம்பது பேரச் சும்மா சிரிச்சி அனுப்புதது ஏமாத்து வேலதான். நானும் கூட ஒக்காந்து அடிச்சேன், எனக்கும் அதுல பங்கிருக்கு. ஆனா உங்கம்மா விசயத்துல அண்ணாச்சி ஏமாத்தல. சத்தியம். எங்கப்பா வச்சிருந்த வேதப்புத்தகம் அந்தா இருக்கு, அதுமேல அடிச்சிச் சொல்லுதேன்.

எப்படின்னு சொல்லுதேன், நீ மொதல்ல உக்காரு. உன்ன நிக்க வச்சிட்டு என்னால பேச முடியல.

பார்லிமெண்ட் நடக்கும்போது அண்ணாச்சி டெல்லியில இருப்பாவ, மாசக்கணக்கா வர மாட்டாவ. லெட்டரு கேக்கவன் நிக்கமாட்டாம்லா. அதனால கெளம்புததுக்கு முந்தி வெத்து லெட்டர் பேடுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போவாவ. அம்பது, நூறு. சாப்புட்டுட்டு ஸ்டேசனுக்குக் காரு வார வரைக்கும் ஒக்காந்து போட்டுக்கிட்டே இருப்பாவ, நான் ஒவ்வொண்ணா உருவி வெயில்ல காய வைப்பேன். எல்லாம் கோடில்லாத கையெழுத்து. பேனாவையும் எங்கிட்டயே குடுத்துட்டுப் போவாவ. சாயங்காலம் ஆறு மணிக்கு டெல்லியிலருந்து போன் வரும். இன்னைக்கு யாரு யாரு வந்தாங்க, என்ன கேட்டாங்கன்னு வாசிப்பேன். ம், ம்-னு கேட்டுக்கிட்டே வருவாவ. எவனுக்காச்சும் செய்யணும்னு நெனச்சா ஒரே ஒரு வார்த்த. கோடு. அவ்வளவுதான். நான் நோட்டுல குறிச்சிக்கிடுவேன், மறுநாள் லெட்டர அடிச்சி, அந்தப் பேனாவ எடுத்து, கையெழுத்துக்கு அடியில ஒரு கோடு. முப்பது வருசத்துல ஒருத்தன் கண்டுபுடிச்சதில்ல, அது என் கோடுன்னு. கடைசியில கொஞ்சம் மேல தூக்கி விடணும், அண்ணாச்சி அப்படித்தான் போடுவாவ.

உங்கம்மா வந்தது ஒரு திங்கக்கெழம. உன்னையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்தா. பச்சக் கவுனு போட்டிருந்த, ஒரு பல்லு விழுந்திருந்துச்சு. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது. உங்கப்பா போயி ரெண்டு மாசந்தான் ஆயிருந்துச்சு. ஆழத்துலருந்து வெரசலா மேல வந்துட்டாரு, கைகால் இழுத்துக்கிட்டு மூணு நாள்ல முடிஞ்சிபோச்சுன்னு அவதான் சொன்னா. அழல அவ. எனக்குக் காசு வேண்டாம் மேடம், ஒரு வேல வேணும், பிள்ளயப் படிக்க வைக்கணும்னா. அந்த ஆபீசுல ஒரு எடம் காலின்னு யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க.

சாயங்காலம் வாசிச்சேன். வேம்பார் பனிமயம்னு சொல்லி முடிக்கல, ஹென்றி பொஞ்சாதியான்னு கேட்டாவ. பேரு நான் சொல்லல பிள்ள, அவியளே சொன்னாவ. மொத எலெக்சன்ல வேம்பார்ல உங்கப்பா வள்ளத்துல கொடி கட்டியிருக்காரு, அடக்கத்துக்கு வர முடியலன்னு அண்ணாச்சிக்கு வருத்தம். அந்தப் பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டாவ. ஏழு இருக்கும்னேன். பொறவு, கோடுன்னாவ. கோடு போட்டுரு கிருபை, மறந்துராதன்னு ரெண்டாந்தடவயும் சொன்னாவ. அப்படி அவிய ரெண்டு தடவ சொன்னதே கெடையாது.

ஆமா. அப்பம் யாரு போடலன்னா, நாந்தான். அவிய மேல ஒரு குத்தமும் இல்ல. நீ நாளைக்கு மேடையில திட்டுததுன்னா என்னத் திட்டு.

வேல நெருக்கடி பிள்ள. அன்னைக்கு அறுபது லெட்டரு. காலேஜ் சீட்டுக்கு ஆளுங்க வார மாசம், கரண்டு வேற இல்ல, மிசின் ரிப்பன் போயிருச்சு. ஏதோ ஒரு இதுல விட்டுப்போச்சு. அடுத்த மாசம் அண்ணாச்சி கேட்டாவ, அந்த ஹென்றி பொஞ்சாதிக்கு ஆயிருச்சான்னு. வேற ஆளப் போட்டுட்டாங்களாம் அண்ணாச்சின்னேன். சவத்துப்பயன்னு அந்த ஆபீசரத் திட்டினாவ. பொறவு கவர்மெண்டு கவுந்து திரும்ப எலெக்சன் வந்திருச்சு, அவியளும் மறந்துட்டாவ.

நீ என்னத்துக்கு என் கையப் புடிக்க. விடு. மனுசங்கதான மேடம், அறுபது லெட்டர்ல ஒண்ணு விட்டுப்போறதுதான்னா சொல்லுத? அம்மா இருந்தாலும் இதத்தான் சொல்லுவாங்களா? ஐயோ, இப்படிச் சொல்லாத பிள்ள. நீ என்ன ஏசிட்டுப் போயிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். கைய எடு சொல்லுதேன்.

நான் டைப் அடிச்சதுல ஒரு எழுத்து விட்டது கெடையாது. நோட்டுல கோடுன்னு எழுதியிருந்தா அது விட்டுப்போவாது. ரிப்பன் போனது அந்த வாரமே இல்ல. இப்பம் சொன்னது பூராப் பொய். இம்புட்டு நேரமும் எங்கன வச்சிச் சொல்லுததுன்னு தெரியாமத்தான் ஊருக்கதையெல்லாம் பேசிக்கிட்டு இருந்தேன். எனக்குப் பயமா இருக்கு ரம்யா. செந்தில்முருகன் அந்தப் பத்துப் பேரு லிஸ்ட்ட அனுப்புன நாள்லருந்து தூக்கம் இல்ல.

அந்த எடத்துக்கு அன்னைக்கு ரெண்டு லெட்டரு அடிச்சேன். ஒரு எடம், ஒரே ஆபீசரு, ஒரே நாளு. ஒண்ணு உங்கம்மாவுக்கு. இன்னொண்ணு போன்ல வாசிக்கவே இல்ல, அண்ணாச்சிக்கு அப்படி ஒரு லெட்டரு போனதே தெரியாது. வெத்துப் பேடு கையில இருந்துச்சு, பேனாவும் இருந்துச்சு. அது எங்க வீட்டாளுக்கு. புருசன் விட்டுட்டுப் போயி, ரெண்டு பிள்ளையோட எங்கப்பா வீட்டுல வந்து மூலையில ஒக்காந்திருந்தா. ராத்திரியெல்லாம் பேச மாட்டா, சாப்பிட மாட்டா. என்னமும் பண்ணிக்கிடுவாளோன்னு கெணத்துக்கு மூடி போட்டு வச்சிருந்தோம். கேட்டா அண்ணாச்சி என்ன சொல்லுவாவன்னு எனக்குத் தெரியும், அதனால கேக்கல. ரெண்டு லெட்டருக்கும் கோடு போட்டா ஆபீசரு டெல்லிக்குப் போன் போட்டு யாருக்குன்னு கேட்டுருவாரு. அதனால ஒண்ணுக்குத்தான் போட்டேன்.

ஜெபசுதா. எனக்கு நேர் இளையவ. இருவத்தாறு வருசம் அங்கன வேல பாத்து, போன வருசம் மே மாசம் ரிட்டயர்டு ஆனா. அவளுக்கு இது ஒண்ணும் தெரியாது. அண்ணாச்சி போட்ட பிச்சைன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சிக்கிட்டு இருக்கா.

நாளைக்கு மேடையில உனக்கு அடுத்தாப்புல பேசுததும் அவதான். அவளும் லெட்டரு கொண்டு வாரா.